துணிக்கொடிக்கு அடியில் ஓர் ஆட்டோ

கழக்கூட்டம் ஊரில் ஓர் ஐ.டி. கம்பெனியில் பத்து மணிக்கு என் முதல் நேர்முகத் தேர்வு. ஒன்பதரைக்கு நெடுஞ்சாலை அசையவே இல்லை. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து விடியுமுன் கிளம்பிய நான், ஆட்டோவில் ஆங்கிலச் சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன, ஜெபமா?" என்றார் ஓட்டுநர் அக்கா, மலையாளம் கலந்த தமிழில். காக்கிச் சட்டை, கொண்டையில் செருகிய பேனா.

"‘பைவே’ன்னு ஒரு வார்த்தை, அக்கா. பெரிய ரோட்டை விட்டுப் பிரியற சின்ன வழி. அதிகம் பேர் தொடாத படிப்பையும் அப்படிச் சொல்வாங்களாம்."

"நீ என்ன படிச்சே?"

"தபால்வழி டிகிரி. எங்க வீட்டுல முதல்ல படிச்சது நான்தான். இன்டர்வியூல கேட்டா சிரிப்பாங்களோன்னு பயமா இருக்கு."

"சிரிச்சா சிரிக்கட்டே. கம்பியைப் பிடிச்சுக்கோ மோனே!"

வண்டி வீடுகளுக்கு நடுவே குறுகிய சந்துக்குள் பாய்ந்தது. வளைவுதோறும் தலையை வெளியே நீட்டி, "சேச்சி, ஒண்ணு போகட்டே!" என்று அனுமதி கேட்டார். ஒரு சேச்சி ஈரத்துணிக் கொடியையே கம்பால் உயர்த்திப் பிடித்தார்! அடியில் புகுந்தோம். தலையில் தண்ணீர் சொட்ட, உரக்கச் சிரித்துவிட்டேன்.

வாசலில் இறங்கியபோது நான்கு நிமிடம் இருந்தது.

"லிப்டுக்கு நிக்காதே, படியில ஓடு!"

ஓடினேன். படிப்பைப் பற்றிக் கேட்டார்கள். மூச்சு வாங்க, தயங்காமல் சொன்னேன்.

இப்போது வேலைக்குப் போகையில் அதே நெரிசலில் தினமும் நிற்கிறேன். கடந்துபோகும் ஒவ்வொரு ஆட்டோவுக்குள்ளும் எட்டிப் பார்க்கிறேன். அவர் இன்னும் கண்ணில் படவில்லை.