லவோனின் மேற்குச் சுவர்

டெல்மர் ஹாஸ்கின்ஸ் காகிதத்தில் வீடு கட்டுகிறவர். நியூ மெக்ஸிகோவின் தென்கோடிப் பாலைவனத்தில் அவர் ஊற்றிய சுவர்கள் பதினோரு வீடுகளில் நிற்கின்றன. ஊறவைத்த செய்தித்தாள், சிமெண்ட், மணல் எல்லாவற்றையும் பழைய கார் அச்சின் மேல் பொருத்திய தொட்டியில் கொட்டி, பிக்கப் வண்டியில் மாட்டி வெட்டவெளியில் சுற்றிச் சுற்றி இழுப்பார். சக்கரம் உருள உருள, உள்ளே புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி சுழன்று எல்லாம் கூழாகிவிடும். அதை இரண்டு பலகைகளுக்கு நடுவே ஊற்ற வேண்டும். நீர் வடிந்து இறுகியதும் பலகையைக் கழற்றி மேலே மாட்டி, அடுத்த அடுக்கு. இதையெல்லாம் மணிக்கணக்கில் சொல்வார். லவோன் வீட்டு மேற்குச் சுவர் என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வார்.

லவோன் பிளாட் அம்மாளுக்கு அப்போது எழுபத்தொரு வயது. தான் குடியிருந்த டிரெய்லர் வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டித் தரக் கேட்டார்.

"தாழ்வாரத்துல இடது பக்கப் பெட்டியெல்லாம் பழைய பேப்பர், எடுத்துக்கோ டெல். வலது பக்கம் கை வைக்காத."

அன்று மதியம் புழுதிக்காற்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். டெல்மர் அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் அள்ளிவிட்டார்.

சிமெண்ட் போட்டு நாலு சுற்று சுற்றியபின் வண்டியை நிறுத்தி, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். நீல அட்டை நோட்டுகள் மிதந்தன. லவோனின் பென்சில் எழுத்து. முப்பத்துநாலு வருஷமாகக் காலை ஏழு மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதியவை. ஊரில் யாருக்குத்தான் தெரியாது? கிணறு தோண்டுமுன் டெல்மரே அவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்.

பாதி நோட்டுகள் இன்னும் முழுசாக இருந்தன. கையை விட்டு எடுத்திருக்கலாம். எடுத்தால் சொல்ல வேண்டிவரும். டெல்மர் வண்டியில் ஏறி இன்னும் பத்து சுற்று ஓட்டினார்.

மூன்றாம் நாள் பலகையைக் கழற்றும்போது லவோன், ரொட்டியில் பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பர்ரிட்டோவோடு வந்தார்.

"ரொஸாரியோ வீட்டுல நீ ஊத்தின சுவர் தொந்தி போட்டு நிக்குதாமே. என்னுதும் பீர் குடிக்குமா?"

"குடிக்காது, மிஸ் லவோன். உங்களுது நேரா நிக்கும்."

பலகை விலகியது. நெஞ்சளவு உயரத்தில், சாம்பல் சுவரில், உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. 'ஆகஸ்ட் 9. மழை 0.40.' டெல்மர் கொத்துக்கரண்டியால் அதைத் தேய்க்கப் போனார்.

"கைய எடு."

லவோன் கிட்டே வந்து படித்தார். ரொம்ப நேரம் படித்தார், இருந்தது ஒரே வரிதான்.

"வலது பக்கத்தையும் எடுத்தியா?"

"தெரியாம எடுத்துட்டேன்."

"தொட்டியில கிடக்கும்போது பார்த்தியா, பார்க்கலையா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் லவோன் நம்பியிருப்பார். அது டெல்மருக்குத் தெரியும்.

"பார்த்தேன். பாதி நல்லாத்தான் இருந்துச்சு. வண்டிய ஓட்டிட்டேன்."

லவோன் பர்ரிட்டோவைச் சிமெண்ட் மூட்டைமேல் வைத்தார். பலகையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார்.

"மாட்டு. தனியா உன்னால தூக்க முடியாது."

சாயங்காலம் வரை லவோன் பலகையைப் பிடித்துக்கொள்ள, டெல்மர் போல்ட்டை முடுக்கினார்.

மற்ற மூன்று சுவருக்கும் பூச்சு பூசியாயிற்று. மேற்குச் சுவருக்கு மட்டும் லவோன் விடவில்லை. கதவு அதற்கு நேர் எதிரே. டெல்மர் எப்போது உள்ளே போனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியேதான் உட்காருவார்.