பிலோமினா மேடமும் நான்காவது நட்டும்

பேரணாம்பட்டில் என் அண்ணன் மகளின் நிக்காவை முடித்துக்கொண்டு பஸ்ஸில் பள்ளிகொண்டாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். குடியாத்தம் தாண்டியதும் போன் அடித்தது. எங்கள் லேப் உதவியாளர். "பாய், மேடம் போய்ட்டாங்க" என்றார். எந்த மேடம், எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. ஆம்பூர் பக்கம் இருக்கும் எங்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் 'மேடம்' என்றால் ஒருவர்தான். நான்கு நாள் காய்ச்சல் என்று லீவு போட்டிருந்தார். ஐந்தாம் நாள் காலையில் இதயம் நின்றுவிட்டது. மறுமுனையில் அவர் அழுதுகொண்டிருந்தார். போனை வைத்தேன். வேலூருக்கு இந்த பஸ்ஸே போகுமா என்று கண்டக்டரிடம் கேட்டேன். எத்தனையோ தடவை ஏறி இறங்கிய பஸ், அது வேலூர் போகும் என்று எனக்கே தெரியும்.

இந்த நினைவுக் குறிப்பைப் படிப்பவர்களில், மறுநாள் அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பெட்டியைத் தூக்க முன்னே வந்தவர்களில் ஒரு டேனரி முதலாளியும் இருந்தார். தோல் பதனிடும் அவருடைய ஆலையிலிருந்து வரும் தண்ணீர் சரியில்லை என்று மேடம் மூன்று தடவை எழுதிக்கொடுத்து, அவர் லேபுக்கே வந்து மேஜையைத் தட்டிக் கத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மேடம் எழுந்துகூட நிற்கவில்லை. "சாம்பிள் பாதி மிச்சம் இருக்கு சார். உங்க ஆளை வச்சு நீங்களே டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நான் தப்புன்னா உங்க ஆபீசுக்கு வந்து மன்னிப்புக் கேக்குறேன்" என்றார். டெஸ்ட் பண்ணிப் பார்த்தார்களா என்று தெரியாது. அதன்பிறகு அவர் கத்தவில்லை.

நான் அங்கே பராமரிப்பு ஃபோர்மேன். பம்பு, மோட்டார், குழாய் எல்லாம் என் பொறுப்பு. அவர் லேப் பொறுப்பாளர். ஒரே வயதுக்காரர்கள்தான். ஆனாலும் சேர்ந்து வேலை செய்த பதினோரு வருடமும் நான் அவரை மேடம் என்றேன், அவர் என்னை ரவூஃப் பாய் என்றார்.

நான் அவரை மதிக்கத் தொடங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி ஒன்றைக் காலி செய்து சேறு அள்ளவேண்டியிருந்தது. தோல் பதனிடும் தண்ணீரில் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு வாயு வரும். ஆளைக் கொல்லும் வாயு. காலையில் நாற்றம் தாங்க முடியவில்லை. பத்து மணிக்கு, தொட்டியின் விளிம்பில் நின்றிருந்த கூலியாள், "இப்ப நாத்தம் இல்ல, இறங்கட்டா?" என்று ஏணியில் கால் வைத்துவிட்டான். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். எங்கிருந்தோ ஓடிவந்த மேடம் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். பிறகு வாயுவை அளக்கும் மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். பாதிக்குப் போவதற்குள் அது அலறியது. "நாத்தம் போச்சுன்னா வாயு போச்சுன்னு அர்த்தம் இல்ல பாய். மூக்கு செத்துப்போச்சுன்னும் இருக்கலாம்" என்றார். புடவையில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டிவிட்டு லேபுக்குப் போய்விட்டார். நான் தலையாட்டியதை அவர் பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. வேலூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வருவார், பள்ளிகொண்டாவில் என்னை ஏற்றிக்கொள்வார். இரண்டு வருடங்களுக்கு முன் ஒருநாள் மாதனூர் அருகே வண்டியைச் சட்டென்று ஓரம் கட்டினார். "பாய், உங்களுக்கு வருதா?" அழுகிய முட்டை நாற்றம். முன்னால் ஏதாவது டேங்கர் லாரி போகிறதா என்று பார்த்தேன். ரோடு காலி. அவர் தன் புடவை முந்தானையை முகர்ந்தார், என் பையைத் திறக்கச் சொன்னார். கடைசியில் வண்டியின் பின்னால் போய்க் குனிந்தவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். "நம்ம வண்டிதான். நாமளே ஒரு டேனரி ஆய்ட்டோம்."

அடுத்த வாரத்தில் இன்ஜின் விளக்கு எரிய ஆரம்பித்தது. மேம்பாலம் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது. ஆம்பூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் போய்விட்டது என்றார். இன்ஜின் புகையில் இருக்கும் நஞ்சைக் குறைப்பதற்காக வண்டிக்கு அடியில், சைலன்சருக்கு முன்னால் இருக்கும் பாகம் அது. ஒரு இரும்பு உறை, அதற்குள் தேன்கூடு மாதிரி கண்கண்ணாக ஓர் அடைப்பு. புதிதாகப் போட்டால் செலவு ஜாஸ்தி.

"எதுக்கு மேடம் பேஜார்? உள்ள இருக்கிறதை இடிச்சு எடுத்துடறேன். வெறும் டப்பா இருக்கட்டும். வண்டி சும்மா பறக்கும். புகை சர்டிபிகேட்டும் நானே வாங்கித் தர்றேன்" என்றார் அவர்.

நான் நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். மேடம் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: "காலைலேர்ந்து ஆறு பேருக்கு உங்க தண்ணி சரியில்லன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன் தம்பி. சாயங்காலம் என் வண்டி புகை விட்டுகிட்டு அவங்க முன்னாடியே போவணுமா?"

திரும்பும் வழியில் நான்தான் ஆரம்பித்தேன். "மேடம், புதுசு வாங்கிக்கலாம். கூலி எதுக்குக் குடுக்கணும்? இந்தப் பக்கம் ரெண்டு நட்டு, அந்தப் பக்கம் ரெண்டு நட்டு. நம்ம ஷெட்டுல வச்சு நானே மாத்திடுவேன்." அவருக்கும் ஆசை வந்துவிட்டது. கையால் வேலை செய்வதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம். லேபில் எந்தக் கருவி நின்றாலும் கம்பெனிக்காரனைக் கூப்பிடுவதற்கு முன் அவரே பிரித்துப் பார்த்துவிடுவார்.

ஆனால் உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டார். இடப்பக்கம் 'தெரிஞ்சது', வலப்பக்கம் 'தெரியாதது'. வலப்பக்கம்தான் நீளம். கன்வர்ட்டர் தானாகக் கெட்டதா, வேறு எதுவும் அதைக் கெடுத்ததா? அதில் திருகியிருக்கும் சென்சாரை எப்படிக் கழற்றுவது? வண்டியை எதன் மேல் நிறுத்துவது? ஒரு வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தத் தாளோடு போனது. பதில் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார்.

முதல் கேள்விக்கே அவர் கண்டுபிடித்த பதில் என்னை வாயடைக்க வைத்தது. எங்களிடம் தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் கருவி ஒன்று உண்டு. வண்டியை ஓடவிட்டு கன்வர்ட்டரின் முன்னாலும் பின்னாலும் அளந்தார். நல்ல நிலையில் இருந்தால் பின்பக்கம்தான் கூடச் சூடாக இருக்கவேண்டுமாம். இங்கே முன்பக்கம் கொதித்தது, பின்பக்கம் கம்மி. "அடைச்சுக்கிச்சு. ஆனா ஏன் அடைச்சுக்கிச்சு?" என்றவர் இன்ஜின் பக்கம் போனார். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தார். ஒன்று மட்டும் கரி படிந்து ஈரமாக இருந்தது. அந்த பிளக்குக்கு மின்சாரம் தரும் 'காயில்' என்ற கம்பிச்சுருள் பழுது. அங்கே எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதைப் பாழாக்கியிருக்கிறது. "இதைப் பாக்காம புதுசு போட்டிருந்தா அதையும் கொன்னிருப்போம் பாய்." அந்தக் காயிலை அவரே வாங்கிவந்து அவரே மாட்டினார். இரண்டு போல்ட்டு, ஒரு பிளக். பத்து நிமிட வேலை. கையில் கரியோடு அன்று முழுக்க லேபில் நடமாடினார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நேராக ஷெட்டுக்கு வந்தார். வண்டியைத் தூக்கி நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். அவர் ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்த பிறகுதான் என்னை உள்ளே போகவிட்டார். இரண்டு நாளாகவே நட்டுகளுக்குத் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டிருந்தேன். முதல் நட்டு வந்தது. இரண்டாவது முனகிக்கொண்டே வந்தது. மூன்றாவதும் வந்தது. வெளியே கேட்கட்டும் என்று ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் சொன்னேன்.

நான்காவது வரவில்லை. அதுதான் பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனை மழுங்க ஆரம்பித்தது. "மேடம், அந்த நீளப் பைப்பை எடுங்க. ஸ்பேனர்ல சொருகி ஒரே இழுப்பு."

பைப் வரவில்லை. அவர் தரையில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த நட்டையும் பார்த்தார், பெட்ரோல் குழாயையும் பார்த்தார்.

"இழுத்தா உடையும் இல்ல?"

"உடையலாம். உடைஞ்சா அறுத்துடலாம் மேடம், கிரைண்டர் இருக்கே."

"பெட்ரோல் குழாய்கிட்டயா? நீங்க கீழ படுத்துகிட்டா?"

நான் ஸ்பேனரை மறுபடி நட்டில் மாட்டினேன்.

"வெளிய வாங்க பாய்."

"மேடம், முப்பது வருஷமா பம்பு கழட்டுறேன். ஒரு நட்டுக்காக என்னை எழுப்புறீங்களா?"

"பம்பு உங்க மேல உக்காந்திருக்காது பாய். வாங்க வெளிய."

வந்தேன். அவர் சட்டைப்பை அளவுக்கு மடித்து வைத்திருந்த அந்தத் தாளைப் பிரித்துக் காட்டினார். வலப்பக்கத்தில் ஒரே ஒரு வரிதான் அடிக்கப்படாமல் இருந்தது: 'நட்டு உடைஞ்சா அதுக்கப்புறம் இன்னா?' "வேலைக்கு முன்னாடியே இதுக்குப் பதில் தேடியிருக்கணும். ஆசையில விட்டுட்டேன். என் தப்பு" என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை: "அந்த மூணையும் திரும்ப முடுக்கிடுங்க."

முடுக்கினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. வண்டியை இறக்கியதும் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன். பயந்தாங்கொள்ளிப் பொம்பளை என்று மனசுக்குள் திட்டினேன். இதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். மூன்று நாள் அவர் வண்டியில் ஏறவில்லை, பஸ்ஸில் போனேன். நான்காம் நாள் காலை பள்ளிகொண்டா பஸ் ஸ்டாப்பில் அவர் வண்டி வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "ஒர்க் ஷாப்புக்கு விடப்போறேன். கூட வர்றீங்களா? எனக்கு அங்க பேசத் தெரியாது" என்றார். பேசத் தெரியாதாம், அவருக்கு! நான் ஏறிக்கொண்டேன்.

வேலூரில் வண்டியை ஆளுயரத்துக்குத் தூக்கும் லிப்ட் உள்ள ஒர்க் ஷாப் அது. அந்த நட்டு அங்கேயும் வரவில்லை. ஒருவர் நீளக் கம்பி போட்டு இழுத்ததும் போல்ட்டோடு உடைந்தது. அதற்குப் பிறகு நடந்ததைத் தள்ளி நின்று பார்த்தேன். பெட்ரோலை வடித்தார்கள். குழாயைக் கழற்றித் தள்ளி வைத்தார்கள். சுற்றிலும் ஈரச் சாக்கு போர்த்தினார்கள். ஒருவர் தீயணைக்கும் சிலிண்டரோடு நிற்க, இன்னொருவர் நின்றபடியே கிரைண்டரால் அறுத்தார். தீப்பொறி மழையாகக் கொட்டியது. நான் படுத்திருந்த இடத்தை மனசுக்குள் அளந்து பார்த்தேன். என் முகம் இருந்திருக்கும் இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

முழுக் காலையும் போனது. "வீட்ல ஜாக்கி போட்டு இதைப் பண்ணியிருந்தா..." என்று ஆரம்பித்த மெக்கானிக் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்ப்பார், 'பார்த்தீங்களா' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவேண்டியதுதானே? அவர் என் பக்கத்திலேயே இல்லை. ஓரமாகக் குத்தவைத்து, கழற்றிப் போட்ட பழைய கன்வர்ட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாய், சீக்கிரம் வாங்க, இதைப் பாருங்க!" என்றார். குனிந்து பார்த்தேன். தேன்கூட்டின் ஒரு பக்கம் முழுக்க உருகி, வெல்லப்பாகு உறைந்த மாதிரி அடைத்திருந்தது. "நாம சொன்னது கரெக்ட் பாய். அந்த ஒரு பிளக் பண்ண வேலை." 'நாம' என்றார். கண்டுபிடித்தது முழுக்க அவர்.

அன்று திரும்பும்போது வண்டி மேம்பாலத்தை அனாயாசமாக ஏறியது. "மேடம், அன்னிக்கு நான் கோவிச்சுகிட்டது தப்பு" என்றேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "கோவம் வரலன்னாதான் பயந்திருப்பேன். வேலை மேல ஆசை இல்லாதவன்னு ஆய்டும்" என்றார். பிறகு அன்றைக்கு எடுக்கவேண்டிய சாம்பிள்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்படி எத்தனையோ. கணியம்பாடிப் பக்கத்து விவசாயிகள் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரோடு வந்து நின்றால், சாப்பாட்டு நேரத்தில் டெஸ்ட் செய்து, முடிவைத் தமிழில் எழுதிக்கொடுத்து, உட்காரவைத்துப் படித்தும் காட்டுவார். அதையெல்லாம் அவரவர் சொல்லட்டும். அவருடைய தங்கை, வேலூரில் நர்சாக இருப்பவர், அடக்கம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா வீட்ல உங்களைப் பத்தித்தான் ஜாஸ்தி பேசும். ரவூஃப் பாய் கை வச்சா எந்த மெஷினும் ஓடும்னு சொல்லும்" என்றார். அந்த நட்டுக் கதையை அவர் வீட்டில்கூடச் சொல்லியிருக்கவில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வீட்டுக்கு வந்தபோது கிணற்று மோட்டார் நின்றுபோயிருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கருகிய வாசனை. இரண்டு ஒயர் எங்கே போகிறது என்றே எனக்குப் புரியவில்லை. வழக்கமாக இருந்தால் எதையாவது திருகிப் பார்த்திருப்பேன். மூடியைச் சாத்திவிட்டு எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா, நீங்களே பண்ணலியா?" என்று கேட்டாள்.

"இது எனக்குத் தெரியாது" என்றேன்.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் என் வாயிலிருந்து கேட்டதில்லை. கையில் கரண்டியோடு வெளியே வந்து என்னைப் பார்த்தாள். சொல்லும்போது எனக்குக் கொஞ்சமும் கூச்சமாக இல்லை. பிலோமினா மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான்.