மடிப்பு அக்காவின் கருத்து

எங்கள் செபக் கூட்டத்தில் மடிப்பு அக்கா பேசுவது மாதத்துக்கு ஒரு வரிதான். ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிக்கிற வேலை அவருக்கு. அதில் வந்த பெயர். கணவர் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் ஒரே மகனை ஆளாக்கினார். விட்டால் நம்மையும் மடித்து அலமாரியில் வைத்துவிடுவார் என்று, கூட்டத்தை நடத்தும் தையல்காரர் கிண்டல் செய்வார்.

மாதத்தின் முதல் வெள்ளிதோறும் ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். அந்த மாதம் எதற்காக மன்றாட வேண்டும் என்று ரோமிலிருந்து திருத்தந்தை கொடுத்த செபக் கருத்தைத் தையல்காரர் வாசிப்பார். பிறகு அவரவர் கருத்து: மகனுக்கு வேலை, அம்மாவுக்கு மூட்டுவலி. ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்போம். மடிப்பு அக்கா மட்டும், "மனசுல இருக்கிற கருத்துக்காக" என்று முடித்துக்கொள்வார்.

அவருடைய அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகும் வரை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணைத் தன் மகனுக்குத் தரச் சொல்லி அக்கா கேட்டிருந்தார். பெண்ணின் தாயான அண்ணி, அவரும் எங்கள் கூட்டத்தில்தான், முகத்தில் அடித்தாற்போல் மறுத்திருந்தார். இப்போது கல்யாணத் தேதி இரண்டு முறை தள்ளிப்போனது. அண்ணிக்குப் பொறி தட்டியது. கல்யாணம் நிற்க வேண்டும் என்று இவள் மனசுக்குள் கேட்கிறாள், விவரம் தெரியாமல் நாமும் கூடச் சேர்ந்து "கேட்டருளும்" போடுகிறோம், பெற்ற தாய் நானே என் வாயால் கேட்டிருக்கிறேன் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். என்னிடமும் சொன்னார். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

அடுத்த கூட்டம் அண்ணி வீட்டில். மாதக் கருத்து, குடும்பங்களின் ஒற்றுமைக்காக. சத்தமாகப் பதில் சொன்னோம். மடிப்பு அக்காவின் முறை வந்தது. வழக்கமான வரியைச் சொன்னார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து அண்ணியிடம் நிறுத்தினார்.

"என்ன அண்ணி, எல்லாருக்கும் தொண்டை கட்டிக்கிச்சா?"

"என்ன கேக்குறேன்னு நீ முதல்ல சொல்லு. சேந்து கேக்கலாமா வேணாமான்னு அப்புறம் நாங்க பாத்துக்கிறோம்."

அக்காவின் முகம் சிவந்தது. "என் பையன் உங்க பொண்ண மறக்கணும்னு கேக்குறேன். போதுமா?"

"அப்போ இன்னும் மறக்கலையா அவன்?" என்றார் அண்ணி.

தையல்காரர் அவசரமாக "ஆண்டவரே" என்று எடுத்துக்கொடுத்தார். இந்த முறை அறையே அதிர்ந்தது. அண்ணியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. ஆனால், சொன்னது நிஜம்தானா என்று அவர் கண் அக்காவையே துளைத்துக்கொண்டிருந்தது. கதவோரம் உட்கார்ந்திருந்த மகளை அவர் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் உதடு அசையவேயில்லை.