பாலத்தின் இந்தப் பக்கம் அப்பா

நியூயார்க்கிலிருந்து டொராண்டோ போகும் ரயில் நயாகரா ஆற்றுப் பாலத்தில் எல்லையைக் கடக்கும். சரித்திரப் புகழ் பெற்ற பாதை என்று பெட்டியில் ஒருவர் பெருமையடித்தார். அப்பாவிடம் அது எடுபடவில்லை. தலைமன்னார் வரை ரயில், பிறகு கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில் என்று தன் அக்காவோடு சிதம்பரம் போய்வந்தவர் அவர்.

அந்த அக்கா, என் மாமி, இப்போது டொராண்டோவில். இருவரும் பார்த்துக்கொண்டு பத்து வருடத்துக்கு மேல். அகதி வழக்கு முடியாததால் மாமியால் கனடாவை விட்டு வரமுடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து நியூ ஜெர்சி பிஸ்கட்டவேயில் என் வீட்டுக்கு வந்திருந்த அப்பாவுக்குக் கனடா விசா மறுத்துவிட்டார்கள். போனால் திரும்பமாட்டாராம்.

எல்லை வரையாவது வருகிறேன் என்றார். ஒரு நிபந்தனை.

"நான் எல்லையில நிக்கிறது அக்காவுக்குத் தெரியக்கூடாது. அழுதுகொண்டே இருப்பா."

தடிமன், மூக்கடைப்பு, என் வீட்டில் படுத்திருக்கிறார் என்று மாமியிடம் நான் சொல்லவேண்டும். நல்லதுக்கென்று பொய் சொல்வதில் எங்கள் குடும்பத்தை யாரும் மிஞ்சமுடியாது.

கடைசி அமெரிக்க ஸ்டேஷனில் அப்பா இறங்கினார். என் கணவரின் தொளதொள ஜாக்கெட்டோடு பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தார். என் கைப்பையில் கிரீன் கார்டு. அதைத் தூக்கி ஆற்றில் எறியலாம் போல வெட்கமாக இருந்தது. எறியவில்லை. அக்கரையில் அதிகாரி அதை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைப் போகச் சொன்னார்.

டொராண்டோவிலிருந்து அக்கரை ஸ்டேஷனுக்கே வந்து காத்திருந்த மாமி என்னைக் கட்டிக்கொண்டார். கண் மட்டும் என் தோளுக்குப் பின்னால், ரயில் படியில். எல்லோரும் இறங்கி முடியும்வரை பார்த்தார். தடிமன் கதையைச் சொன்னேன். "ம்" என்றார்.

மாலையில் மாமியின் மகன் எங்களை, எல்லையை நடந்து கடக்கும் இன்னொரு பாலத்தடிக்குக் காரில் கூட்டிவந்தான். பிரியும்போது மாமி துவாயில் சுற்றிய சட்டியொன்றை நீட்டினார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். நியூ ஜெர்சி போய்ச் சேருமுன் கெட்டுவிடும் என்றேன். மாமி அக்கரையைப் பார்த்தார்.

"சூடு ஆற முதல் கொண்டுபோய்க் குடு, பிள்ளை."

பாலத்தை நடந்து கடந்தேன். இத்தனை வயதான இரண்டு பேரைப் பிரித்துவைக்கக் கூட்டுநின்றவள் போல உடம்பு கூசியது. மறுமுனை பெஞ்சில் அப்பா காத்திருந்தார். அக்கா ஏதாவது கேட்டாளா என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லை அப்பா. அவவுக்கு ஒண்டும் தெரியாது."

சட்டியை அவர் மடியில் வைத்தேன். துவாயை அவிழ்க்காமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"சுடுது" என்றார்.