தவம் எனக்கு மட்டும் சொல்லாத பயணம்

எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண் துணி காயப்போட்டுக்கொண்டே வேலிக்கு மேலால் என் மனைவி சுகந்தியிடம் ஒரு செய்தி சொன்னாள். தான் கர்ப்பமாக இருக்கிறாளாம், அன்று காலைதான் தெரிந்ததாம். சுகந்தி கையிலிருந்த ஈரத்துணியைக் கூடைக்குள் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள். “இஞ்சேருங்கோ, இண்டைக்குக் காலமைதானாம் தெரிஞ்சது. அதுக்குள்ள ஊருக்கெல்லாம் சொல்லுறாள். மூண்டு மாசம் பொறுத்தால் என்ன?” என்றாள், தனக்கே ஏதோ ஆபத்து வந்ததுபோல. இந்த நாட்டில் எனக்கு இன்றுவரை பிடிபடாத விஷயம் இதுதான். ஒக்லாந்தின் மழை பழகிவிட்டது. வெறுங்காலோடு சுப்பர்மார்க்கெட்டுக்குள் நடக்கும் மனிதர்களும் பழகிவிட்டார்கள். ஒரு காரியம் நடப்பதற்கு முன்பே அதை எல்லோருக்கும் சொல்லிவிடுகிற இந்தத் துணிச்சல் மட்டும் பழகவில்லை. வீட்டை விற்கப் போகிறேன், வேலையை விடப் போகிறேன், புருசனைப் பிரியப் போகிறேன் என்று பஸ் தரிப்பில் நிற்கிறவர்கள்கூடச் சொல்கிறார்கள். நாங்களோ விமானம் ஏறி, போய் இறங்கி, அங்கிருந்து தொலைபேசி எடுத்து “வந்திட்டம்” என்று சொல்கிற ஆட்கள். முன்பே சொன்னால் நாவூறு, கண்ணூறு பட்டுக் காரியம் கெட்டுவிடும் என்ற பயம். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் அந்தப் பயம் ஒருநாள் என் தலையிலேயே வந்து விடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

அது நடந்த காலத்தில் நானும் தவமும் கிளென்ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் ஒரே ஷிஃப்டில் வேலை செய்தோம். தவம் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவன். ஊரைவிட்டு என்னோடு வெளிக்கிட்டவன். இங்கேயும் இரண்டு குடும்பமும் அருகருகே இரண்டு ஃபிளாட்டில் இருந்தோம். அவனுடைய பிள்ளைகள் எங்கே சாப்பிட்டார்கள், என்னுடைய பிள்ளைகள் எங்கே நித்திரை கொண்டார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் ஃபோர்மன் கிராண்ட் தரனாக்கி மலைப் பக்கத்துப் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவன். அந்த மலையில் பனிச்சறுக்குக்கென்று ஒரு சிறிய கிளப் இருந்தது. பெரிய மலைகளில் இருப்பதுபோல ஹோட்டலும் கூட்டமும் இல்லை. ஒரு குடில், மேலே இழுத்துப்போக ஒரு கம்பிவடம், அவ்வளவுதான். செப்டெம்பர் கடைசியில், சீசன் முடிகிற வாரம், தேநீர் இடைவேளையில் கிராண்ட் எங்களைக் கூப்பிட்டான். குளிர் என்றால் சட்டைக்குமேல் சட்டை போடுகிற தவம் முந்திக்கொண்டு ஓம் என்றான். “இதையும் ஒருக்காப் பாத்திடுவம் மச்சான்,” என்றான். இந்த மனுசனுக்கு என்ன பிடித்தது என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

கிராண்டின் வான் வண்டியில் நான்கு பேர் போனோம். நாலாவது ஆள் சியோனே, எங்களோடு வேலை செய்த தொங்கா நாட்டுக்காரன். வானுக்குள் பாதி இடம் அவனுக்கு, மீதி எங்களுக்கு. தவத்தின் மனைவி வசந்தி மீன் ரோல்ஸும் சம்பல் பூசிய பாணும் கட்டித் தந்திருந்தாள். கிராண்ட் ஒரு ரோல்ஸைக் கடித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வழிய வழிய வான் ஓட்டினான். இரவு குடிலில் தங்கி, விடிந்ததும் மலையைப் பார்த்தோம். சீசன் கடைசியென்பதால் பனி சரிவின் நடுப்பகுதியில் மட்டும் மிச்சம் இருந்தது. இரண்டு பக்கமும் கறுப்புக் கல். கீழே பச்சைப் பசேலென்ற வயல்வெளியில் மாடுகள், அதற்கப்பால் கடல். பழைய உடுப்புக் கடையில் வாங்கிய ஜக்கெட்டுகளில் நானும் தவமும் இரண்டு மூட்டைகள்போல நின்றோம். பத்து மணி வெயிலுக்கே பனி கஞ்சியாக இளகிவிட்டது. தவம் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் நான் சிரித்தேன், நான் விழுந்தபோது அவன் சிரித்தான். அவ்வளவு சந்தோசமாக நான் இந்த நாட்டில் இருந்ததில்லை.

மேலே போகிற கம்பிவடத்தில் தலைகீழான ஆங்கில ‘டி’ எழுத்துப்போல ஒரு மரச்சட்டம் தொங்கும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு பேர் பின்பக்கத்தைச் சாய்த்துக்கொண்டால் அது இழுத்துப்போகும். கிராண்ட் என்னோடு வந்தான். பாதி வழியில், மழை வரும் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகக் கேட்டான்: “தவம் போனபிறகு உனக்குத்தான் கஷ்டமாக இருக்கும், இல்லையா மேட்?”

எங்கே என்று கேட்டேன். பிரிஸ்பேனுக்கு என்றான். விடுமுறைக்கென்று நினைத்து, “பிரிஸ்பேனில் இப்போது நல்ல வெயில். போய் வரட்டும்,” என்றேன். அவன் என் ஆங்கிலம் தனக்கு விளங்கவில்லையோ என்பதுபோல என்னைப் பார்த்தான். “இல்லை மேட், ஒரேயடியாகப் போகிறான். இன்னும் இரண்டு வாரம்தானே. இந்தப் பயணமே அவனை வழியனுப்பத்தான். உனக்குத் தெரியாதா?”

“தெரியும், தெரியும்,” என்றேன். அந்தப் பொய் எப்படி அவ்வளவு வேகமாக வாயில் வந்ததென்று தெரியவில்லை. ஒரு வெள்ளைக்காரனிடம் என் சிநேகிதனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மறுகணம் என் சறுக்குப் பலகைகள் ஒன்றோடொன்று இடறி, நான் சட்டத்திலிருந்து நழுவி விழுந்தேன். ஆள் குறைந்ததும் கிராண்ட் ஒரு பக்கம் சரிந்தபடியே மேலே போய்க்கொண்டிருந்தான்.

அன்று யுத்த காலத்தில், ஊரில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றபோதுதான் தவம் என் காதுக்குள் சொன்னான். “வாற கிழமை வெளிக்கிடுறன். அம்மாவுக்கும் சொல்லேல்லை. உன்னட்டை மட்டும்தான். வாறியா?” பெற்ற தாய்க்குச் சொல்லாத பயணத்தை எனக்குச் சொன்னான். அதை நம்பித்தான் நானும் அவனோடு ஊரைவிட்டுப் படகில் கிளாலிக் கடலைத் தாண்டினேன். இங்கே வந்து குடியுரிமையும் கிடைத்தபின், டொரொண்டோவில் இருக்கும் என் அக்கா எங்களை அங்கே வரச்சொல்லி விடாமல் கூப்பிட்டார். சுகந்திக்கும் விருப்பம்தான். தவம் என் வீட்டுச் சோபாவில் இருந்துகொண்டு, “நீ போனால் நான் ஆரோட கதைக்கிறது? இஞ்சயே இருப்பம் மச்சான், பிள்ளையளும் ஒண்டா வளரட்டும்,” என்றான். நான் அக்காவிடம் மாட்டேன் என்றேன். அக்கா அழுதார். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டார். இந்த நாட்டில் நான் வேர்விட்டது அவன் ஒருவனுடைய பேச்சை நம்பித்தான்.

கீழே வந்தபோது சியோனே குடில் வாசலில் ஜக்கெட்டைக் கழற்றிப்போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தான். தவத்துக்குப் பிரிஸ்பேனில் வேலை கிடைக்கவேண்டும் என்று தன் தேவாலயம் முழுவதும் எழுந்து நின்று ஜெபித்ததைப் பெருமையாகச் சொன்னான். முன்பின் தெரியாத அத்தனை தொங்காக்காரர்களுக்கும் என் சிநேகிதனின் பயணம் தெரிந்திருக்கிறது.

தவம் குடிலுக்குப் பின்னால் வாங்கில் இருந்து பனிச்சறுக்குச் சப்பாத்தைக் கழற்ற முடியாமல் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

“கிராண்ட் சொல்லிப்போட்டானோ?”

“ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை?”

“டிக்கெட் கைக்கு வரட்டும் எண்டு இருந்தனான். வசந்திதான் சொன்னவள், எங்கட ஆக்களுக்கு இப்ப மூச்சும் விடவேண்டாம், நாவூறு படுமெண்டு. போன தரம் அவளின்ர தம்பிக்குச் சரிவந்த வேலை கடைசியில தவறிப்போனதெல்லே.”

“அப்ப கிராண்டின்ர கண்?”

“அவன் வெள்ளைக்காரன்ரா. அவனுக்கு எங்களில என்ன எரிச்சல் வரப்போகுது?” சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது. “உன்ர கண்ணை நான் சொல்லேல்லை மச்சான். சத்தியமா.”

என் வீட்டில் என்னோடு ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டவன், நான் பார்த்தால் தன் காரியம் கெட்டுவிடும் என்று இத்தனை நாள் பயந்திருக்கிறான். என்னை இருத்திவிட்டுத் தான் எழும்பிப் போகிறான். குனிந்து அவனுடைய சப்பாத்தின் கொளுவியைக் கழற்றிவிட்டேன். அவனுக்கு அது வராது. அதற்காக அவன் நன்றி சொன்னதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் போனது. எங்களுக்குள் அதுவரை யாரும் நன்றி சொன்னதில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் கிராண்டும் சியோனேயும் பாட்டுப் பாடினார்கள். மிச்சமிருந்த ரோல்ஸை நான் தொடவில்லை.

இரண்டு கிழமையில் அவர்கள் போனார்கள். விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். சுகந்தியும் வசந்தியும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் தவமும் பெட்டிகளைப் பற்றிப் பேசினோம். பக்கத்து ஃபிளாட்டுக்கு ஒரு கொரியக் குடும்பம் வந்தது. என் சின்னவள் பல நாள் பழக்கதோசத்தில் அந்தக் கதவைத் தட்டிவிட்டு, யார் திறக்கிறார்களென்று பார்த்து ஓடிவந்தாள்.

அடுத்த வருடம் தகனினியில் ஒரு வீடு வாங்க எங்களுக்குச் சரிவந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று சுகந்தி முதலில் சொன்னது, “திறப்புக் கைக்கு வரும்வரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ.” சாவி வருமுன்பே, மறுநாள் தேநீர் இடைவேளையில் நான் கிராண்டிடம் சொன்னேன். அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான், எத்தனை அறை என்று கேட்டான், தோட்டத்தில் எலுமிச்சை நடச் சொன்னான். எனக்கு அவனிடம் ஒரு பயமும் வரவில்லை. ஒரு வெள்ளைக்காரனைப்போல, நடக்காத காரியத்தை நடுமண்டபத்தில் நின்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவம் பிரிஸ்பேனிலிருந்து தொலைபேசி எடுத்தான். அங்கே வெயில் என்றான், பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள் என்றான், கதைக்க ஆளில்லை என்றான். பிறகு வழக்கம்போல, “வேற என்ன மச்சான் புதினம்?” என்று புதுச் செய்தி கேட்டான். வீடு என் நாக்கு நுனியில் நின்றது. திறப்பு கைக்கு வருவது அடுத்த கிழமைதான். சுகந்தி குசினி வாசலில் நின்று என்னையே பார்த்தாள்.

“புதினம் ஒண்டும் இல்லை,” என்றேன்.