தராசில் ஏறியவள்

விஜயகலாவிடம் வாயைக் கொடுத்தவர்கள் யாரும் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. தெரணியகலைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்து, வாளியோடு நிறுக்கப் போகிற வரிசையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் இதற்குப் பழகிப்போனவர்கள். முன்னெல்லாம் மழையைத் திட்டுவாள், கங்காணியைத் திட்டுவாள். இந்த வருஷம் பேச்சு ஒன்றே ஒன்றுதான். மகளின் மல்யுத்தம். வலயப் போட்டியில் யாரைப் புரட்டினாள், எதிரில் வந்த பிள்ளை எப்படி அழுதுகொண்டு இறங்கிப் போனது, நடுவர் எப்படி இவள் கையைத் தூக்கிக் காட்டினார் என்று முதலில் இருந்து முடிவு வரை சொல்வாள். கேட்கிறவர்களுக்கு வாளி கனக்கும். அவளுக்குக் கனக்காது.

பெற்றவள் பெருமைப்படுவதில் என்ன குற்றம்? ஒரு குற்றமும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சு போய் முடிகிற இடம்தான் கேட்பவர்களுக்கு ஆகவில்லை.

"சின்னவளா புரட்டுனா? சோத்துப் பானையையே அவளால ஒழுங்கா எறக்க முடியாது. உள்ளுக்க மூத்தவ நிக்கிறா. ஷாமிளாதான் புரட்டுறா."

அதோடு வரிசையில் நிற்கிறவர்கள் குனிந்து வாளியைப் பார்த்துக்கொள்வார்கள். ஷாமிளா டெங்குக் காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

ஷாமிளா பதினாறு வயதில் அம்மாவின் பால் வாளிகளைக் கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, சறுக்கும் பாதையில் பாட்டுப் பாடிக்கொண்டே இறங்கி வந்தவள். சின்னவள் மதுஷிகா பிறந்ததிலிருந்தே சவலை. மழை இருட்டினால் இவளுக்கு மூச்சு இழுக்கும். காய்ச்சல் எது வந்தாலும் இவளுக்குத்தான் வரும் என்று அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அதனால்தான் மூத்தவளுக்கு மேல் சுட்டபோது விஜயகலா, "ஒனக்கெல்லாம் என்ன செய்யும், நாளைக்குப் பாப்போம்" என்றாள். மறுநாள் பார்த்தபோது பிள்ளைக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி நடந்து வரவில்லை. தகப்பன் கஜேந்திரனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வந்தான், மகளை மண்ணில் வைத்தான், காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிட்டான். அவனுக்குப் போக ஓர் இடம் இருந்தது. விஜயகலாவுக்கு லயத்து வரிசை வீடுகளில் அந்த ஒற்றை அறைக் காம்பராதான், அதில் மூத்தவள் படுத்திருந்த மூலையும்தான்.

டவுன் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் மஷூர் சேர் ஒரு நாள் லயத்துக்கே ஏறி வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, உங்கட சின்ன மகள எனக்குத் தாங்க, நான் மல்யுத்த மெட்டுல எறக்கிப் பார்க்கணும்" என்றார்.

விஜயகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இவளா சேர்? காத்தடிச்சா பறந்துருவா."

"ஒருக்கா வந்து பாருங்களேன்" என்றார் அவர்.

பிள்ளை சில மாதம் பழகிய பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தாள். மதுஷிகாவைவிடப் பெரிய பிள்ளை ஒருத்தி எதிரே நின்றாள். மதுஷிகா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள், குனிந்தாள், அந்தப் பெரிய பிள்ளையின் காலைப் பிடித்தாள். அடுத்த நிமிஷம் பெரியவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். விஜயகலா எழுந்து நின்றுவிட்டாள். மூக்கை அப்படித் துடைப்பது ஷாமிளாவின் பழக்கம். அந்தக் கையும் அவள் கையேதான். தன் வயிற்றில் பிறந்த சவலைக்கு இந்தப் பலம் எங்கிருந்து வரும்? வேறு யோசனைக்கே அவள் மனம் இடம் கொடுக்கவில்லை. போனவள் போகவில்லை, இதோ நிற்கிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிக்கொண்டாள். அந்த முடிவு கள்ளைப்போல ஏறியது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

தங்கை மாதக்கணக்காகத் தினமும் பள்ளி விட்டு மெட்டு மெத்தையில் விழுந்து விழுந்து எழும்பியதும், முழங்கை தோல் உரிந்து எரிய எரியத் தூங்கியதும் அந்தத் தாயின் கணக்கில் வரவே இல்லை.

அந்த லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் பிள்ளை வீட்டுக்குச் சாமி. தீபாவளியோ பொங்கலோ, புதுத்துணி வந்தால் முதலில் அவள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் உடுத்த வேண்டும். பிடித்ததைச் சமைத்துப் படைக்க வேண்டும், படைத்த சோற்றை வீட்டார் சாப்பிட வேண்டும். வேண்டாமென்று தள்ளினால் அவளையே தள்ளியது மாதிரி. எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். விஜயகலா கொஞ்சம் கூடவே போனாள். மதுஷிகாவின் சிவப்பு ஜேர்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதைப் படத்துக்கு முன்னால் வைத்து, "ஒனக்குத்தான் புள்ள, நல்லா இருக்கா பாரு" என்றாள். மதுஷிகா பக்கத்தில்தான் நின்றாள். அதை எடுத்துப் போட்டுக்கொள்ள அவளுக்கு மறுநாள்தான் உத்தரவு கிடைத்தது.

இரத்தினபுரியில் மாகாணப் போட்டி நடந்தபோது பஸ்ஸில் ஒரு கூத்து. மதுஷிகா ஜன்னலோரம், விஜயகலா இந்தப் பக்கம், நடு இருக்கையில் பை. ஏறினவர்களெல்லாம் நின்றுகொண்டு வந்தார்கள். கொண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த இடம் யாருடையது என்று சிங்களத்தில் கேட்டான். "அக்கே, மே சீட் எக்க காகேத?"

"துவகே" என்றாள் விஜயகலா. மகளுடையதாம்.

எந்த மகள் என்று அவன் தேடிப் பார்த்தான். மதுஷிகா எழுந்து ஒரு வயசாளி அம்மாவுக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு, இரத்தினபுரி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு போய் மூன்று பேரைப் புரட்டி, மாகாணத்திலேயே முதலாவது வந்தாள். விஜயகலா இருக்கை மேல் ஏறி நின்று கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போனது. திரும்பி வரும்போது பதக்கத்தை வாங்கி அந்தப் பையின் மேல் வைத்துக்கொண்டாள்.

போட்டிக்கு முன்னால் பிள்ளைகளைத் தராசில் ஏற்றி நிறை பார்ப்பார்கள். குறித்த நிறைக்கு ஒரு துளி கூடினாலும் விளையாட முடியாது. அங்கேயும் விஜயகலாவுக்கு ஒரு தனிக் கவலை. தராசுக்குப் போகும் வாசலில் நின்றுகொண்டு காற்றைப் பார்த்து, "நீ வெளிய நில்லுடி. ரெண்டு பேருமா ஏறினா நிறை கூடிரும்" என்று முணுமுணுப்பாள். பார்த்த தாய்மார் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்து விலகிப் போனார்கள். மதுஷிகா மட்டும் காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

இனி மிச்சம் அகில இலங்கைப் போட்டி. அதில் ஜெயித்தால் தேசியக் குழுவுக்குப் பெயர் போகும் என்று மஷூர் சேர் சொல்லியிருந்தார். "நிறை சரியா விளிம்புல நிக்குது. முந்தின நாள் பகலோட சாப்பாடு இல்ல. தொண்டை காஞ்சா வாய நனைக்கலாம். அவ்வளவுதான். சொல்லிட்டேன் தங்கச்சி" என்று தாயிடமும் வந்து சொன்னார். விஜயகலா தலையை ஆட்டினாள்.

ஆனால் அந்த முந்தின நாள்தான் ஷாமிளாவின் நாள், அவள் போன திதி.

விடியற்காலையே கோழிக்குழம்பு வைத்தாள். பால்சோறு, கொழுக்கட்டை, பயறு உருண்டை, மூத்தவளுக்குப் பிடித்ததெல்லாம். படைத்து, சாம்பிராணி காட்டி, பொழுது சாய்கிற நேரத்தில் இலையைக் கொண்டுவந்து மதுஷிகாவுக்கு முன்னால் வைத்தாள்.

"சேர் வேணாம்னாரும்மா."

"சேர் என்ன கண்டாரு? இது அக்கா சோறு. நாளைக்கு அவதான நிக்கணும்? பசியோட நிப்பாளா?"

"நாளைக்குச் சாயங்காலம் திங்கிறேம்மா. எடுத்து வைங்க."

"அக்கா சோத்தத் தள்ளுறியா நீ?"

மதுஷிகா இலையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டாள். விஜயகலா பக்கத்தில் உட்கார்ந்து உருண்டையைப் பிட்டு வாயில் ஊட்டினாள். அவளுடைய கண் பிள்ளையின் முகத்தில் இல்லை, கொஞ்சம் தள்ளி இருந்தது.

கொழும்புப் பக்கத்தில் பெரிய உள்ளரங்கு. காலையில் நிறை பார்த்தார்கள். மதுஷிகா ஏறினாள், எண் ஓடி, குறித்த நிறையைத் தாண்டி நின்றது. மஷூர் சேரின் முகம் கறுத்தது.

"என்ன புள்ள தின்ட?"

மதுஷிகா தரையைப் பார்த்தாள். "எனக்குப் பசிச்சிச்சு சேர்."

அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் தேவலை என்று நமக்குத் தோன்றும். விஜயகலாவுக்கு அது காதிலேயே விழவில்லை. அவள் தராசுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, எல்லோரும் பார்க்க, "ஷாமிளா, எறங்குடி. சொன்னாக் கேளு, எறங்கு" என்றாள். நிறை பார்த்த அலுவலருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நிறை பார்ப்பதை மூடுவதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் மறுபடி ஏறலாம். மஷூர் சேர் தன் மழைக்கோட்டைப் பிள்ளைக்கு மாட்டி மைதானத்தைச் சுற்றி ஓட விட்டார். வெயில் ஏறிவிட்டிருந்தது. மதுஷிகா ஓடினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மழைக்கோட்டுக்குள்ளிருந்து வியர்வை வழிந்தது. நடுவில் ஒருமுறை தராசில் ஏற்றிப் பார்த்தார்கள், நிறை இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம்தான். மறுபடி ஓடினாள்.

விஜயகலா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கிட்டே வர வர முகம் தெரிந்தது. கன்னம் சிவந்து, உதடு வெளுத்து, கண் செருகின முகம். அந்த முகத்தை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்திருக்கிறாள். வேலியைத் தாண்டி ஓடிப் போய்ப் பிள்ளையை இரண்டு கையாலும் வளைத்துக் கட்டிக்கொண்டாள்.

"வேணாம்டி! ஓடாத! சுடுதுடி ஒனக்கு!"

"விடும்மா, நேரமாகுது. வெயிலும்மா, காய்ச்சல் இல்ல."

"விட மாட்டேன். ஷாமிளா, அம்மா விட மாட்டேண்டி!"

மதுஷிகா திமிறினாள். மாகாணத்தில் அவள் பிடியில் சிக்கினவர்கள் யாரும் நின்றதில்லை. இடுப்பைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பெற்றவள் புல்லில் கிடப்பாள். மஷூர் சேர் தூரத்திலிருந்து கையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். மதுஷிகா திருப்பவில்லை. திமிறுவதையும் விட்டாள். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"தராசுல நான் மட்டுந்தாம்மா ஏறினேன்" என்றாள், மூச்சு வாங்க. "அக்கா இல்ல. அக்கா ஒருநாளும் இல்ல. நான்தான் விழுந்தேன், நான்தான் புரட்டினேன். ஒனக்கு என்னையத் தெரியவே இல்லையாம்மா? நானும் செத்தாத்தான் பாப்பியா?"

விஜயகலா பிடியை விட்டாள். அதற்குள் நிறை பார்க்கும் கதவைச் சாத்திவிட்டார்கள்.

திரும்பி வருகிற வழியில் மஷூர் சேர் திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. அடுத்த வருஷம் மதுஷிகாவின் வயதுக்கு அந்தப் பிரிவு கிடையாது, மேல் பிரிவில் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு டவுனில் இறங்கிக்கொண்டார்.

தோட்டத்தில் ஏறியபோது வெளிச்சம் கொஞ்சம் இருந்தது. பீலியடியில் பொம்பளைகள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். விஜயகலாவின் கதைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வாய் திறக்காமல் அவள் கடந்து போகப் பார்த்ததும் பக்கத்துக் காம்பரா தங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கெட்ட மனம் இல்லை அவளுக்கு, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"என்னடி விஜயா, சத்தத்தக் காணோம்? மூத்தவ கைவிட்டுட்டாளா?"

விஜயகலா நின்றாள்.

"மூத்தவ செத்துட்டா அக்கா" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயால் யாரும் அதுவரை கேட்டதில்லை. "சோத்த ஊட்டிச் சின்னவள நான்தான் கெடுத்தேன். மாகாணத்துல முதலாவது வந்தது மதுஷிகா. நான் பக்கத்துலயே இருந்தேன், பாக்கல."

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தங்கம்மா அதை எடுக்க மறந்து நின்றாள். மதுஷிகா அம்மாவுக்குப் பின்னால் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று அழத் தொடங்கினாள். ஷாமிளாவை மண்ணில் வைத்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. அந்த வீட்டில் அக்காவைச் சாக விட்டிருந்தால்தானே தங்கச்சி அழுதிருப்பாள். விஜயகலா மண்ணிலேயே அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையை எங்கே வைப்பது, எப்படித் தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.