மூக்குவரை வந்த அப்பா

கம்பைநல்லூரில் நான் பேனர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே மெஷினில்தான் வருகிறது. "பென்டிரைவைப் பிடுங்காதீர்" என்று சுவரில் பெரிதாக அடித்து ஒட்டியிருக்கிறேன். அதை நிதானமாகப் படித்துவிட்டுப் பிடுங்குகிறார்கள்.

கம்ப்யூட்டர் மரியாதை தெரிந்த ஜன்மம். எதைச் சொருகினாலும் முதலில் "நீ யார், பிரிண்டரா, கேமராவா, பென்டிரைவா?" என்று கேட்கும். பதில் வந்ததும், அதனோடு பேசத் தெரிந்த டிரைவர் என்கிற மென்பொருளைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். அப்புறம்தான் உள்ளே எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று பார்க்கும். எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டப வாசலில்கூட இவ்வளவு விசாரிப்பு கிடையாது. வந்தவன் நேராகப் பந்திக்குப் போய்விடுவான். கிளம்பும்போதுதான் நம் ஆட்களின் லட்சணம் தெரியும். சொல்லிக்கொள்வதே இல்லை.

அன்று வந்தவர் புளி வியாபாரி. மறுநாள் அவர் அப்பாவுக்குக் காரியம். அப்பா தனியாக இருக்கும் ஒரே படத்தை, மகளுடைய இலவச லேப்டாப்பிலிருந்து 'கட்' செய்து பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். காப்பி செய்யவில்லை. லேப்டாப்பில் இடம் மிச்சமாகுமாம்.

திறந்தேன். நெற்றி, விபூதி, கண், மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"என்னங்க இது, எங்கப்பா வாயி எங்க?"

"வூட்லயே வுட்டுட்டு வந்துட்டீங்க."

"படம் ஏறுறதக் காட்டுற கோடு முழுசா ஓடி முடிஞ்ச பொறவுதாங்க புடுங்குனன். சத்தியமா."

கோடு ஓடியிருக்கும். அதை நம்பினவன் கெட்டான். அந்த லேப்டாப்பை ஓட்டுவது லினக்ஸ் என்கிற மென்பொருள். அது படத்தை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு 'முடிந்தது' என்று சொல்லிவிடும். பென்டிரைவ் மெதுவாகச் சாப்பிடுகிற ஆள், அதற்கு ஊட்டும் வேலை பின்னால் சாவகாசமாக நடக்கும். மிச்சத்தையும் எழுதி முடித்து அனுப்பத்தான் 'பத்திரமாக வெளியேற்று' என்று ஒன்றை வைத்திருக்கிறான். இவர் ஊட்டும்போதே இலையை உருவிவிட்டார். லேப்டாப்போ வேலை முடிந்தது என்று தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டது. அந்தக் காலி இடத்தில் மகள் அன்றைக்கே சினிமா ஏற்றிவிட்டாளாம். அங்கே தேடியும் பிரயோசனமில்லை.

"வேற போட்டோ?"

"இல்லீங்க. இதான்."

பென்டிரைவையே துழாவிப் பார்ப்போம் என்று மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். ஒரு படத்தை அழித்தால் கம்ப்யூட்டர் உண்மையில் அதை அழிப்பதில்லை. 'இந்த இடம் காலி' என்று குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அடுத்த ஆள் குடிவரும்வரை பழைய ஆள் உள்ளேயேதான் கிடப்பான்.

பெயரில்லாத படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒன்றில் அப்பா வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இவருடைய தம்பி. அப்பாவின் கை தம்பியின் தோளில்.

"இதெல்லாம் நானே உக்காந்து அழிச்சதாச்சே" என்றார் புளிக்காரர்.

கிணற்றுப் பங்குத் தகராறில் அண்ணன் தம்பிக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஊருக்கே தெரியும். பேனரில் போட என்று சொன்ன பெயர்களிலும் தம்பி இல்லை.

"அவன வெட்டிப்புடுங்க."

வெட்டினேன். அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"கையையும் எடுத்துடுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தாங்க மவுஸ். உங்கப்பன் கைய நீங்களே வெட்டுங்க. நான் பேனர் கடைதான் வெச்சிருக்கறன், கறிக்கடை வெக்கல."

வாங்கிக்கொண்டார். திரையில் அம்புக்குறி அப்பாவின் விரல்வரை போனது. அங்கேயே நின்றது. கடைசியில் மவுஸை மேஜைமேல் விட்டுவிட்டார்.

"இருந்துட்டுப் போறான். சின்னதா போடுங்க."

"தோள்ல கை இருக்கற ஆள எப்படிங்க சின்னதா போடறது? அப்பா ஏதோ பொம்மைய புடிச்சிட்டு நிக்கறாப்பல இருக்கும்."

"செரி, இருக்கறாப்பலயே போடுங்க. ஆனா அவன் பேரு என் பேருக்குக் கீழதான் வரணும்."

மூத்தவன் பெயர் மேலே, இளையவன் பெயர் கீழே. நான் அடித்த பேனர் எல்லாவற்றிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. அதைப் பெரிய நிபந்தனை போலச் சொல்கிறார். சரிங்க என்றேன்.

தம்பியைத் திரும்பச் சேர்த்து, முடித்த படத்தை அவர் பென்டிரைவிலும் ஏற்றினேன். கோடு ஓடி முடிந்தது. பழக்கத்தில் அவர் கை நீண்டது. பாதியில் நின்றது.

"எடுக்கலாமுங்களா?"

"பொறுங்க."

திரையைப் பார்த்தபடி நின்றார். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார், தம்பியும்தான். எடுத்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டர் எப்போதோ சொல்லிவிட்டது. இத்தனை நாள் அவசரப்பட்ட ஆள்தானே, கொஞ்சம் நிற்கட்டும் என்று நான் வாயைத் திறக்கவில்லை.